கால் கோணின குஞ்சுக்கு என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஊர்க்கோழி ஒன்றை 13 முட்டையில் அடை வைத்தாராம், 10 பொரித்தது. அதில் ஒரு குஞ்சுக்கு வலது கால் பக்கவாட்டில் விலகிப் போகிறது, அதே காலின் விரல்களும் உள்ளே மடங்கிக் கிடக்கின்றன. பொரித்து நாலு நாள். தாய்க்கோழி மற்றக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வளவுக்குள் கிண்டப் போய்விடுகிறது, இது பின்னால் இழுபட்டு இழுபட்டுக் கிடக்கிறது. மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசிப் பார்த்தாராம். "அயலில் எல்லாரும் வைத்திருந்து பயனில்லை என்கிறார்கள். இதைத் தேற்ற ஏலுமா? எப்படிப் பராமரிப்பது?" என்பது அவருடைய கேள்வி.

அநேகமாகத் தேற்றலாம் தங்கச்சி. நாலு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை வாசித்ததும்தான் எனக்கு மனம் ஆறியது. முதல் வாரத்தில் குஞ்சின் எலும்பும் மூட்டும் பனங்குருத்து மாதிரி, வைத்த பக்கத்துக்கு வளையும். அந்த நாட்களில் இரண்டு மூன்று நாள் பக்குவமாகக் கட்டி வைத்தாலே பல கால்கள் வழிக்கு வந்துவிடும். இரண்டு கிழமை போனால் அதே காலுக்கு அதே கட்டு பெரிதாக உதவாது. அதனால் இன்றைக்கே தொடங்குங்கள்.

ஆனால் கட்டுவதற்கு முன் ஒருதரம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். கால் கோணியிருக்கிறது என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வது நாலைந்து வேறு வேறு கோளாறுகளை. ஒன்றுக்குச் செய்வது மற்றதுக்கு ஆகாது. நான் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் காலை விரித்துக்கொண்டு கிடந்த குஞ்சைக் கண்டு, மூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன். நாலாம் நாள் போய்ப் பார்த்தபோது மூட்டு வீங்கி, அதன் பின்பக்கம் தட்டையாக இருந்தது. குதிக்கால் நரம்பு, அதாவது தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண், இடம் விலகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் நாளே நரம்பை அதன் இடத்துக்குத் தள்ளி விட்டிருந்தால் அந்தக் குஞ்சு எழும்பி நடந்திருக்கும். அன்றிலிருந்து எந்தக் குஞ்சையும் கையில் எடுத்து மூட்டைத் தடவிப் பார்க்காமல் நான் கட்டுப் போட்டதில்லை.

பார்ப்பதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர். கால் ஏலாத குஞ்சு பெரும்பாலும் காலால் சாவதில்லை, தாகத்தால் சாகிறது. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், இரண்டு மூன்று நாளுக்கு அது தாங்கும். உங்கள் குஞ்சுக்கு அந்தக் கையிருப்பு முடிந்துவிட்டது. தாயோடு ஓட முடியாததால் தண்ணீர்ச் சிரட்டைக்கு அது எத்தனை தரம் வந்து சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சீனி கரைத்து, சொண்டின் நுனியை மட்டும் அதில் தொட விடுங்கள். தானே தலையைத் தூக்கி விழுங்கும். சொண்டைத் திறந்து உள்ளே ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இப்படிக் கொடுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீர் போதும்.

மஞ்சள் எண்ணெயை நிறுத்திவிடுங்கள். கோபித்துக்கொள்ளவில்லை, எங்கள் ஆச்சிமாரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் எண்ணெய் பட்ட பூஞ்சிறகு உடம்புக்கு ஒட்டிக்கொள்ளும், இரவில் குஞ்சு குளிர்ந்துபோகும். காலில் எண்ணெய் இருந்தால் பிளாஸ்டரும் ஒட்டாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் காலைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள்.

இப்போது வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குஞ்சின் முதுகு உங்கள் உள்ளங்கையில் படும்படி மல்லாத்திப் பிடித்து, கால்கள் இரண்டும் தெரிய வேண்டும். நல்ல காலையும் கெட்ட காலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடுங்கள். கோழியின் காலில் நடுவில் பின்னோக்கி மடங்குகிற மூட்டை நாங்கள் முழங்கால் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது குதிக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. அந்தக் குதிக்கால் மூட்டின் பின்பக்கத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவுங்கள். நல்ல காலில் தூண்டில் நைலோன் மாதிரி ஒரு நரம்பு மூட்டின் நடுப்பள்ளத்தில் ஓடுவது விரலுக்குத் தட்டுப்படும். கெட்ட காலில் அது நடுவில் இருக்கிறதா, பக்கத்துக்குச் சறுக்கி விட்டதா? மூட்டு வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா? அடுத்தது, உங்கள் சின்னவிரலைக் குஞ்சின் பாதத்துக்குள் வையுங்கள். விரல்கள் கொஞ்சமாவது பற்றிப் பிடித்தால் காலில் உணர்ச்சி இருக்கிறது. அது நல்ல அறிகுறி. கடைசியாக, விரல்களின் அடியிலும் கணுக்காலிலும் நூலோ தலைமயிரோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். உரப்பையில் பிரிந்த நூல் ஒன்று இறுக்கிக்கொண்டு ஒரு குஞ்சின் கால் கறுத்துப்போனதை நான் கண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் அதைப் பிறவிக் குறை என்று நினைத்திருந்தார்.

மூட்டில் வீக்கம் இல்லை, நரம்பு நடுவில் இருக்கிறது, ஆனால் கால் தொடையிலிருந்தே பக்கவாட்டில் விலகுகிறது என்றால் அது கால் விரிவு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் குஞ்சுக்கு இதுதான், கூடவே விரல் மடக்கம். கால் விரிவு வருவதற்கு முதல் காரணம் வழுக்கல். பொரித்த குஞ்சு முதன்முதலில் எழும்பி நிற்கிற சில மணித்தியாலங்களில் பாதத்துக்குப் பிடி கிடைக்க வேண்டும். செய்தித்தாள் விரித்த பெட்டி, பொலித்தீன், மினுக்கின சீமெந்து, உரப்பை இவற்றில் எல்லாம் கால் வழுக்கி வழுக்கி, தொடையின் தசை அந்த நிலைக்கே பழகிவிடும். இன்குபேட்டரில் பொரிப்பவர்களுக்கு இது அதிகம் வரும், சூடு கூடினாலும் வரும். அடைக்கோழிக்குக் கீழே பொரித்த குஞ்சுக்கு வந்தால், அடைப்பெட்டிக்குள் என்ன விரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியின் அடியில் வைக்கோல் விலகிப் பலகை தெரிந்தாலே போதும். முட்டைக்குள் கோணலாகக் கிடந்து, பொரிக்கக் கஷ்டப்பட்ட குஞ்சுக்கும் வரும்.

வைத்தியம் எளிது. மருந்துக்கடையில் காயத்துக்கு ஒட்டுகிற துணிப் பிளாஸ்டர் வாங்குங்கள். அதை நீளப் பக்கமாகக் கிழித்து அரைச் சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு பட்டி எடுங்கள். குதிக்காலுக்குக் கீழே, பாதத்துக்கு மேலே, அந்த மெல்லிய கணைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி, மற்றக் காலுக்குக் கொண்டுபோய் அங்கேயும் ஒரு சுற்று. நடுவில் இருக்கிற பாலத்தில் பிசின் பக்கம் வெளியே தெரியாதபடி இன்னொரு துண்டை எதிர்ப்புறமாக ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குப்பையும் பூஞ்சிறகும் அதில் ஒட்டும். இரண்டு காலுக்கும் இடையில் உங்கள் பெருவிரல் அகலம், ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். நல்ல குஞ்சொன்று இயல்பாக நிற்கும்போது கால் எவ்வளவு அகலத்தில் நிற்கிறது என்று பார்த்து அதே அளவுக்கு விடுங்கள். நெருக்கிக் கட்டினால் முகம் குப்புற விழும், அகட்டிக் கட்டினால் கட்டியும் கட்டாததும் ஒன்றுதான்.

சுற்று இறுகக் கூடாது. பிளாஸ்டருக்கும் காலுக்கும் இடையில் ஒரு ஈர்க்கு நுழைய இடம் இருக்கட்டும். குஞ்சு ஒவ்வொரு நாளும் வளருகிறது. காலையில் தளர்வாக இருந்த கட்டு அடுத்த நாள் இறுகிவிடும். காலையும் மாலையும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால், நீலம் பாய்ந்திருந்தால், வீங்கியிருந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போது பிடித்து இழுக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு பிளாஸ்டரில் விட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தானே கழன்று வரும். பிறகு எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதுப் பட்டி போடுங்கள். மூன்றாம் நாள் கட்டில்லாமல் விட்டுப் பாருங்கள். சேர்ந்து நின்றால் சரி, திரும்ப விலகினால் இன்னும் இரண்டு நாள்.

கட்டிய உடனே குஞ்சு செத்தது மாதிரிக் கிடக்கும், விழும், கத்தும், செட்டையை அடிக்கும். அதைப் பார்த்துப் பாவப்பட்டு அவிழ்த்து விடுபவர்கள் நிறையப் பேர். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து, இரண்டு கையாலும் உடம்பைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்து, பாதம் தரையில் படும்படி விடுங்கள். ஒரு நாளில் ஐந்தாறு தரம், ஒவ்வொரு தரமும் இரண்டு நிமிடம். விசுவமடுவில் ஒரு மாரிகாலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் வீட்டில் கறுத்தக் குஞ்சு ஒன்றுக்கு இப்படிக் கட்டினோம். முதல் நாள் முழுக்க அது முன்னே சரிந்து சரிந்து விழுந்தது. அவர் ஒரு சிரட்டைக்குள் பழைய துவாய்த் துண்டை மடித்து வைத்து, கால் இரண்டும் வயிற்றுக்குக் கீழே வரும்படி குஞ்சை அதற்குள் இருத்தி, அடுப்படியில் வேலை செய்கிற நேரமெல்லாம் கண் முன்னாலேயே வைத்திருந்தார். சிரட்டையின் குழிவு காலை விரிய விடாது, துவாய் பிடி கொடுக்கும். இரண்டாம் நாள் விடிய, தண்ணீர் மூடியைக் கண்டு அது சிரட்டை விளிம்பில் நெஞ்சை வைத்து எழும்பி நின்றதாம். அதை அவர் எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. சிரட்டை வேலை செய்கிறது, நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் கண்பார்வையில், அரை மணித்தியாலம் அளவில் மட்டும். கவிழ்ந்தால் அதற்கு எழும்பத் தெரியாது.

தரை முக்கியம். கட்டின பிறகும் வழுக்குகிற தரையில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். நெருக்கமாக நெய்த சணல் சாக்கு நல்லது, நூல் பிரிந்த ஓரங்களை வெட்டிவிட்டு விரியுங்கள். பழைய துவாயும் பரவாயில்லை. உமியை முதல் சில நாள் தனியாகப் போட வேண்டாம், நடக்க ஏலாத குஞ்சு கிடந்தபடியே அதைக் கொத்தித் தின்னும்.

இனி விரல். பக்கவாட்டில் கோணியிருக்கிறதா, அல்லது கையைப் பொத்தின மாதிரி உள்ளே சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரல் மட்டும் பக்கவாட்டில் கோணியிருந்தால் அது முட்டைக்குள் கிடந்த கிடையால் வந்திருக்கலாம், அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. எல்லா விரலும் உள்ளே சுருண்டு, குஞ்சு குதிக்காலில் குந்தி நடந்தால் விட்டமின் பி2 குறைவை நினைக்க வேண்டும். ரைபோபிளேவின் என்பது அதுதான். அது குறைந்தால் காலுக்கு ஓடுகிற பெரிய நரம்பு வீங்கிப் பழுதாகும் (இது குதிக்காலில் தடவிப் பார்த்த தசைநாண் இல்லை, உணர்ச்சி நரம்பு). தீனில் குறைவென்றால் சாதாரணமாக இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான் விரல் சுருளத் தொடங்கும். நாலு நாளிலேயே காண்கிறீர்கள் என்றால், தாய்க்கோழியின் உடம்பிலேயே குறைவு இருந்து முட்டைக்கு அது போதாமல் போயிருக்கலாம். உங்களுடைய மிச்ச 3 முட்டையை உடைத்துப் பார்த்தீர்களா? கரு பாதி வளர்ந்து செத்திருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் கூடும், அதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்றாலும்.

ஒரு கிலோ தீனில் 3.6 மில்லிகிராம் ரைபோபிளேவின் இருந்தால் குஞ்சுக்குப் போதும். கடையில் வாங்குகிற குஞ்சுத் தீனில் அது சேர்த்திருப்பார்கள். நெல்லிலும் குறுணலிலும் மிகக் குறைவு. சுருண்ட விரலுக்கு மருந்தாக ஒரு குஞ்சுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒன்று, இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுத்தாலே ஆரம்ப நிலையில் குணம் தெரியும். மருந்துக்கடையில் விற்கிற விட்டமின் பி கொம்ப்ளெக்ஸ் குளிசையில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். அட்டையில் போட்டிருக்கிற அளவைப் பாருங்கள், இரும்புச்சத்துக் கலந்தது வேண்டாம். 2 மில்லிகிராம் ரைபோபிளேவின் உள்ள குளிசை என்றால் அதைப் பொடித்து 20 மேசைக்கரண்டி தண்ணீரில் கலக்கினால் ஒரு கரண்டியில் ஒரு குஞ்சின் அளவு இருக்கும். அவ்வளவையும் இந்தச் சின்ன வயிறு ஒரே தரத்தில் குடிக்காது, நாள் முழுக்க அதையே சொண்டில் தொட்டுத் தொட்டுக் கொடுங்கள். கொஞ்சம் கூடினாலும் பயமில்லை, தண்ணீரில் கரைகிற விட்டமின், மிச்சம் வெளியே போய்விடும். வெயில் பட்டால் ரைபோபிளேவின் அழிந்துவிடும். கரைத்ததை நிழலில், மூடி வையுங்கள். அடுத்த நாளுக்குப் புதிதாகக் கரையுங்கள்.

கூடவே ஒரு செருப்பு. பால்மாப் பெட்டியின் மட்டையில் வாத்தின் பாதம் மாதிரி ஒரு துண்டு வெட்டுங்கள், பெரிய நாணயக் குற்றி அளவில். விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, முன்னுக்கு மூன்று பின்னுக்கு ஒன்று என்று மட்டையில் பரத்தி வைத்து, மேலே பிளாஸ்டரால் ஒட்டுங்கள். விரலை நிமிர்த்தும்போது எங்கே தடை தெரிகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். நாளை இன்னும் கொஞ்சம் நிமிரும். இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் கழற்றிப் பார்த்து மாற்றிப் போட வேண்டும். நனைந்த மட்டை கிடந்தால் தோல் வெந்துபோகும். உங்கள் குஞ்சுக்குக் கட்டும் செருப்பும் இரண்டும் வேண்டும். முதலில் செருப்பு, அது பழகி அரை நாள் போனபின் கட்டு. இரண்டையும் ஒரேயடியாகப் போட்டால் அதற்குத் தாங்காது.

மூட்டைத் தடவும்போது நரம்பு பக்கத்துக்கு விலகியிருந்தால் மேலே சொன்ன கட்டு எதையும் போட வேண்டாம். அது நரம்பு சறுக்கல். மூட்டின் பின்பக்கம் தட்டையாக, வீங்கி, கணைக்கால் வெளிப்பக்கமாகத் திருகியிருக்கும். பெரும்பாலும் ஒரு காலில் வரும். குஞ்சுக்கு நல்ல நோவு, கீச்சுக் கீச்சென்று ஓயாமல் கத்தும். அன்றைக்கோ முதல் நாளோ சறுக்கியது என்றால் கையாலேயே திருப்பி வைக்கலாம். ஒருவர் குஞ்சைப் பிடித்திருக்க, மற்றவர் காலை மெல்லப் பின்னோக்கி நீட்ட வேண்டும். மூட்டு நிமிர நரம்பு தளரும். அப்போது விலகிய பக்கத்திலிருந்து பெருவிரலால் நடுப்பள்ளத்தை நோக்கித் தள்ளுங்கள். சரியாக விழுந்தால் விரலுக்குக் கீழே ஒரு சின்ன அசைவு தெரியும். பிறகு காலை இயல்பான மடிப்புக்குக் கொண்டுவந்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். மூன்று தரம் முயன்றும் நிற்காவிட்டால் விட்டுவிட்டுக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மேலும் மேலும் தள்ளினால் வீக்கம்தான் கூடும்.

இதற்குப் பெரிய காரணம் மங்கனீஸ் குறைவு. கோலின், பயோட்டின், போலிக் அமிலம் குறைந்தாலும் வரும். தவிட்டில் மங்கனீஸ் தாராளமாக இருக்கிறது, சோளத்தில் மிகக் குறைவு. அதனால் தவிடு தின்று வளவில் மேய்கிற ஊர்க்கோழிக் குஞ்சுகளில் நான் இதை அரிதாகத்தான் கண்டேன். கூட்டுக்குள் அடைத்து, சோளத்தோடு சிப்பித்தூளையும் அள்ளிக் கொட்டி வளர்க்கிற இடங்களில்தான் கண்டேன். கல்சியம் அளவுக்கு மிஞ்சினால் மங்கனீஸ் உடம்பில் சேராது. முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடக் கூடாது என்று நாங்கள் கத்துவதும் இதனால்தான். முட்டைக்கோழித் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் வரை இருக்கும், குஞ்சுக்கு வேண்டியது 1 வீதம் அளவுதான். மிச்சம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் குஞ்சுக்கு இப்போது தேவைப்படாது. மூன்று நாலு கிழமைக் குஞ்சு கால் வளைந்து, சொண்டு இறப்பர் மாதிரி வளைந்தால் எலும்பு இறுகவில்லை என்று அர்த்தம், விட்டமின் டி, கல்சியம், பொசுபரசு இவற்றில் ஒன்றின் குறை. வன்னி வெயிலில் இது வரவே கூடாது. ஆனால் பருந்துக்கும் கீரிக்கும் பயந்து தகரக் கொட்டிலுக்குள்ளேயே வளர்த்தால் வரும். காலை வெயில் நிழலோடு சேர்த்துக் கிடைக்கட்டும். மூட்டு சூடாகிப் புடைத்திருந்தால் கிருமி, அதற்கு வைத்தியர் வேண்டும். ஒன்றிரண்டு மாதம் தாண்டிய நல்ல குஞ்சு திடீரென்று ஒரு காலை முன்னுக்கும் ஒரு காலை பின்னுக்கும் நீட்டிக்கொண்டு விழுந்தால் மரெக்ஸ் என்கிற வைரஸ் நோயைச் சந்தேகியுங்கள். அதற்கு மருந்து இல்லை, பொரித்த நாளே போடுகிற தடுப்பூசிதான் உண்டு. கழுத்துத் திருகல், பச்சைக் கழிச்சல், மூச்சிழுப்பு இவற்றோடு கால் விழுந்தால் ராணிக்கெட் என்கிற தொற்றுநோய். அப்போது ஒரு குஞ்சைத் தேற்றுகிற யோசனையை விட்டு, முழுக்கூட்டையும் காப்பாற்ற அன்றைக்கே அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

உங்கள் குஞ்சை எங்கே வைப்பது? கட்டோடு இருக்கிற நாட்களில் பகலில் தாயோடு விடக் கூடாது. தாய் நிற்காது, காகம் காத்திருக்கும், கூடப் பிறந்தவையும் விழுந்து கிடப்பதைக் கொத்தும். ஆனால் ஒரேயடியாக வீட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்தால் நாலைந்து நாளில் தாய் அதை மறந்துவிடும், பிறகு கொண்டுபோய் விட்டால் கொத்தித் துரத்தும். கோழி மூடுகிற கரப்பைக் கவிழ்த்து அதற்குள் வைத்து, தாய் மேய்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் வையுங்கள். சத்தம் கேட்கட்டும். சாதுவான ஒரு குஞ்சைத் துணைக்கு விட்டால் தனியாகக் கத்திக் களைக்காது, மற்றது தின்பதைப் பார்த்துத் தானும் கொத்தும். இருட்டினபின் கட்டோடேயே தாயின் செட்டைக்குக் கீழே மெல்லச் செருகிவிடுங்கள், விடியமுன் எடுத்துவிடுங்கள். தாய் இல்லாதவர்கள் முதல் வாரம் 32 முதல் 35 பாகை சூடு கொடுக்க வேண்டும். நம்முடைய பகல் அதற்குப் பல மாதம் போதும், மார்கழி தையில் வாடைக்காற்று அடிக்கிற இரவுகள்தான் ஆபத்து. இப்போது வருகிற எல்ஈடி மின்குமிழில் சூடு இல்லை, அதைப் போட்டுவிட்டுச் சூடு கொடுத்ததாக நினைத்துக் குஞ்சுகளை இழந்தவர்களைத் தெரியும். பழைய இழைக் குமிழ் கிடைக்காவிட்டால் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் வையுங்கள்.

நடக்க ஏலாத குஞ்சு தன் எச்சத்திலேயே கிடக்கும். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்தால் அதுவே உயிரை எடுக்கும். நாளுக்கு இரண்டு தரம் பார்த்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துக் கழற்றுங்கள். நெஞ்சிலும் குதிக்காலிலும் புண் வருகிறதா என்றும் பாருங்கள்.

தீன் விஷயத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தாய்க்கோழிக்கு என்ன போடுகிறீர்கள்? மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவியாகக் கோழி கிடைத்த பல வீடுகளில், உதவியோடு வந்த தீன் முடிந்ததும் வெறும் நெல்லும் குறுணலும்தான் போட்டார்கள், வேறு வழியும் இருக்கவில்லை. கோழி உயிரோடு இருக்கும், முட்டையும் இடும். குறை குஞ்சில்தான் தெரியும். அடை வைக்க நினைத்திருக்கிற கோழிக்கு ஒரு மாதம் முந்தியே தவிடு, முருங்கையிலை, கருவாட்டுத் தலை, தயிர் மிச்சம் என்று கிடைப்பதைக் கொடுத்து வாருங்கள். குஞ்சுக்கு அவித்த முட்டை மஞ்சள் கருவை நசித்துக் கொடுக்கலாம். அவித்த ஈரலை நுணுக்கி ஒரு நுனிவிரல் கொடுங்கள், அதில் பி2 நிறைய இருக்கிறது. வன்னியில் கறையானுக்குப் பஞ்சமில்லை. பழைய முட்டிக்குள் சாணமும் வைக்கோலும் அடைத்துப் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து விட்டால் விடியக் கறையான் ஏறியிருக்கும், குஞ்சுக்கு அதைவிட விருப்பமான தீன் நான் காணவில்லை. கால் ஏலாததற்கு நீங்கள்தான் சொண்டுக்கு முன்னால் கொட்டிக் கொடுக்க வேண்டும், மற்றவை வந்தால் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்று, ஒரே சேவல் எத்தனை வருடமாக நிற்கிறது? தன் பிள்ளைகளோடேயே சேர்ந்துகொண்டிருந்தால் கால் கோணல் அடிக்கடி வரும். ஒரு அடையில் ஒன்று என்றால் தற்செயல். ஒவ்வொரு அடையிலும் வந்தால் வேறு ஊரிலிருந்து சேவலை மாற்றுங்கள்.

எல்லாம் செய்தும் கால் முழுக்க நேராகாமல் கொஞ்சம் நொண்டுகிற கோழியாக அது வளரலாம். அதில் குறையில்லை. உயரத்தில் குந்தாமல் தாழ்வான கட்டையில் குந்த விடுங்கள், பெட்டை என்றால் சேவல் மிதிக்காமல் ஒதுக்கி வையுங்கள், பாரம் தாங்குகிற நல்ல காலின் அடிப்பாதத்தில் ஆணி வருகிறதா என்று இடைக்கிடை பாருங்கள். ஆனால் பத்து நாளாகியும் நிற்க முயலாமல், தீனுக்குத் தலையைத் தூக்காமல், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால், அல்லது பழைய நரம்புச் சறுக்கலில் மூட்டு இறுகி ஓயாமல் கத்தினால், அதை இழுத்தடிக்க வேண்டாம். வைத்தியரிடம் கொண்டுபோய் நோவில்லாமல் முடித்துவிடச் சொல்லுங்கள். அப்படி நானும் சில குஞ்சுகளைக் கொண்டுபோயிருக்கிறேன். மனம் கனக்கும், ஆனாலும் அந்தக் குஞ்சுக்குச் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

உங்கள் குஞ்சு அந்த இடத்தில் இல்லை, நாலு நாளாகியும் தாயின் பின்னால் இழுபட்டாவது போகப் பார்க்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்குத் தண்ணீர், குளிசை, செருப்பு. நாளை மத்தியானம் கட்டு. கட்டுவதற்கு முன் குதிக்கால் நரம்பு எங்கே ஓடுகிறது, விரல் உங்கள் சின்னவிரலைப் பற்றுகிறதா, உடைத்துப் பார்த்த முட்டைக்குள் என்ன இருந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். நரம்பு விலகியிருந்தால் எனக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.